ஆமென் சொல்வதற்குள் போன மஞ்சள் பை

அவர் ஜெபம் செய்துகொண்டிருந்தார். நான் கண்ணைத் திறந்துவிட்டேன்.

சந்திரகிரிக் கோட்டை. ராஜ மகாலுக்கு எதிரே ஒரு வேப்ப மரத்தடி. காலை பத்து மணி இருக்கும். விரித்த துண்டின் மேல் எவர்சில்வர் டப்பா. டப்பாவில் எலுமிச்சைச் சாதம், ஓரத்தில் நன்றாக ஊறிய மாங்காய்த் துண்டு இரண்டு. மூடியைத் திறந்த கையோடு என் கணவர் சம்மணம் போட்டு, விரல்களைக் கோத்து, தலையைக் கவிழ்த்து, "கிருபையுள்ள பிதாவே" என்று ஆரம்பித்துவிட்டார். பொழுது விடிந்ததற்கு ஸ்தோத்திரம் சொன்னார். ரயில் ஒழுங்காக வந்ததற்கு ஸ்தோத்திரம் சொன்னார். கோட்டையைக் கட்டிய கொத்தர்களின் திறமைக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் இடது பக்கம் ஏதோ சரசரத்தது. ஓணானாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுபடியும் சரசரத்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன்.

ஒரு பெரிய குரங்கு. என் முழங்காலிலிருந்து ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு எங்கள் மஞ்சள் பையின் காதைப் பிடித்திருந்தது. அது என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன்.

அந்தப் பையில் என்னுடைய எஸ்.எஸ்.எல்.சி. மார்க் புத்தகம் இருந்தது. ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் இருந்தது. ஞானஸ்நானச் சான்று இருந்தது. இவை எல்லாவற்றையும் அன்று மாலை மூன்று மணிக்குள் திருப்பதியில் ஓர் அலுவலகத்தில் அசலாகக் காட்டினால் எனக்கு டீச்சர் வேலை. காட்டாவிட்டால் பெயரை அடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

"ஐயோ, குரங்கு!" என்று கத்தியிருக்க வேண்டும். கையை ஓங்கியிருக்க வேண்டும். டப்பா மூடியையாவது எடுத்து வீசியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா?

கண்ணை மூடிக்கொண்டேன்.

அறுப்பின் பண்டிகையும் ஓர் ஆடும்

சென்ற வாரம் என் கல்யாண விருந்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "உங்களுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்" என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வாய், அவசரத்துக்கு உதவாமல் போன கதையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

சித்தூர் ஜில்லாவின் பழைய மிஷன் சபைகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு என் நிலைமை புரியும். ஜெபம் ஆரம்பித்துவிட்டால் கண்ணைத் திறக்கக் கூடாது, அசையக் கூடாது, பேசவே கூடாது. நடக்கத் தெரியாத பிள்ளைக்கே இதைத் தொடையில் கிள்ளிச் சொல்லிக்கொடுப்பார்கள். ஐயர் என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் போதகர்களும் சுருக்கமாக ஜெபிக்கிறவர்கள் அல்ல. சுடச்சுட வைத்த குழம்பு ஆமென் வருவதற்குள் ஆறி ஆடை படிந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஜெப நேரத்தில் எதையாவது பார்த்துவிட்டால் அதை வெளியே சொல்லவும் முடியாது. "நான் பார்த்தேன்" என்றால், "நீ ஏன் கண்ணைத் திறந்தாய்?" என்பதுதான் முதல் கேள்வி.

சாந்திபுரத்தில் என் நைனா, அதாவது அப்பா, ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தபோது அங்கே சின்னதாக ஒரு சபை. ஒரு வருஷம் அறுப்பின் பண்டிகைக்குப் பீடத்தின் இரண்டு பக்கமும் கரும்பு கட்டி, வாழைத்தார் வைத்து, கீரைக்கட்டும் பூசணியும் படைத்திருந்தோம். ஐயர் நீண்ட ஜெபத்தைத் தொடங்கினார். தேசத்துக்காக ஜெபித்தார், மழைக்காக ஜெபித்தார், விதவைகளுக்காக ஜெபித்தார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் கீரைக்கட்டு ஒன்றுகூட இல்லை. வாசல் வழியாக ஓர் ஆட்டின் பின்பாதி மட்டும் வெளியே போய்க்கொண்டிருந்தது.

யாரும் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்தார்கள். ஆனால் சாயங்காலம் அந்த ஆட்டைத் தேடிப் போனபோது, அதற்கு ஒரு காது கறுப்பு, கழுத்தில் அறுந்த கயிறு, வலது முன்னங்காலில் நொண்டல் என்று சபையில் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது.

அப்படிப்பட்ட சபையில் வளர்ந்தவள் நான்.

நடுவழியில் இறங்கிய காரணம்

திருப்பதிக்கு அவசரமாகப் போகிறவள் சந்திரகிரியில் ஏன் இறங்கினாள் என்று கேட்பீர்கள். நானும் அன்று முழுக்க என்னையே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். என் கணவர் ஜெயசீலன் சித்தூரில் ஓர் அரசாங்க ஆபீசில் டிராப்ட்ஸ்மேன். ஆறு நாள் பாலத்துக்கும் மதகுக்கும் படம் வரைவார். ஏழாம் நாள் ஆராதனை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இடிந்த கோட்டை, பாழுங்கிணறு, எழுத்து வெட்டிய கல், சாமி இல்லாத கோயில், எது கிடைத்தாலும் சரி. அளப்பதற்கு ஒரு டேப், வரைவதற்கு ஒரு நோட்டு. கல்யாணமான முதல் வாரம் மற்றவர்கள் பெண்டாட்டியைச் சினிமாவுக்குக் கூட்டிப் போவார்கள். இவர் என்னைப் பாகாலா பக்கத்தில் ஒரு கரும்புத் தோட்டத்துக்குள் கூட்டிப் போய், "எஸ்தரு, இது நானூறு வருஷத்துக் கல்லு" என்று ஒன்றைக் காட்டினார். தோட்டக்காரர் வந்து அது போன வருஷம் தான் நட்ட எல்லைக்கல் என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவர் கோபிக்கவில்லை. நோட்டில் வரைந்ததை அடித்துவிட்டு, பக்கத்துக் கொட்டகையில் காய்ச்சிக்கொண்டிருந்த வெல்லப்பாகை ஓர் இலையில் வாங்கிவந்து கொடுத்தார். அந்தச் சூடும் அந்த இனிப்பும் எனக்கு இன்னும் நாக்கில் இருக்கின்றன.

பயிற்சி முடித்து இரண்டு வருஷம் வேலைக்காகக் காத்திருந்தேன். தமிழ் மீடியம் டீச்சர் இடங்கள் ஆந்திராவைச் சேர்ந்த எங்கள் ஜில்லாவில் எப்போதாவதுதான் வரும். வந்த கடிதமும் சாந்திபுரத்து விலாசத்துக்குப் போய், நைனா அதைத் திருப்பி அனுப்பி, சித்தூரில் என் கைக்கு வந்தபோது சான்றிதழ் சரிபார்க்கும் கடைசி நாளுக்கு ஒரே ஒரு நாள் பாக்கி. அந்த வருஷம் ஏனோ சரிபார்ப்பைத் திருப்பதியில் வைத்திருந்தார்கள்.

என் மாமியார் நல்லவர். ஆனால் மருமகள் வேலைக்குப் போவதில் அவருக்கு இஷ்டமில்லை. "இந்த ஒரு தபா போயிட்டு வா. கெடைச்சா கர்த்தருடைய சித்தம். கெடைக்கலன்னா வூட்டோட இருந்து ஓய்வுநாள் பள்ளி நடத்து, அதுவும் ஊழியந்தான்" என்று சொல்லி அனுப்பினார். ஆக, எனக்கு ஒரே ஒரு தபாதான்.

விடியற்காலை சித்தூரில் பாசஞ்சர் ஏறினோம். பாகாலாவில் எஞ்சின் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"எஸ்தரு, ஒம்போது மணிக்கே சந்திரகிரி வந்துடும். மூணு மணிக்குதான ஆபீசு? கோட்டைய ஒரு சுத்து பாத்துட்டு, அங்கியே துன்னுட்டு, பதினோரு மணி பஸ்ஸ புடிச்சா அரை மணியில திருப்பதி. இன்னா சொல்ற?"

வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். என்னோடு வருவதற்காக லீவு போட்டவர். நான்கு மாதக் கல்யாணம். "சரிங்க" என்றேன்.

கண் திறந்ததும்

வேப்ப மரத்தடிக்கு வருவோம்.

நான் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் வேறொரு ஜெபம் செய்தேன். ஆண்டவரே, இவர் சீக்கிரம் ஆமென் சொல்லட்டும். அவரும் சொன்னார். "இந்த ஆகாரத்தை ஆசீர்வதியும் ஏசுவின் நாமத்தில் ஆமென்" என்று ஒரே மூச்சில் முடிந்தது. கண்ணைத் திறந்தேன். பையும் இல்லை, குரங்கும் இல்லை.

"ஏங்க, பைய காணோங்க!" என்று அப்போதுதான் பார்த்தவள்போல அலறினேன். அந்த நடிப்புக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் ராஜ மகாலுக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய கிணற்றை நோக்கி ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன். கிணற்றில் படிகள் சுற்றிச் சுற்றி இறங்கின. அடியில் பச்சைத் தண்ணீர். தண்ணீரின் மேல் மஞ்சளாக ஏதோ மிதப்பதைப் பார்த்தேன். படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் கடைசிப் படிவரை இறங்கிப் போய், குனிந்து பார்த்து, "எலைம்மா, வெறும் எலை!" என்று கீழேயிருந்து கத்தினார். அவர் குரல் கிணறு முழுக்கச் சுற்றி எனக்கு நாலு தரம் கேட்டது.

மகாலுக்குள் ஓடினோம். மரமே வைக்காமல் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய மூன்று அடுக்கு மாளிகை அது. காலையில்தான் அதை எனக்கு அரை மணி நேரம் விளக்கியிருந்தார். இப்போது ஒவ்வொரு வளைவாக, ஒவ்வொரு மாடமாக எட்டிப் பார்த்துக்கொண்டு ஓடினார். மேல் அடுக்கில் வௌவால் நாற்றம்தான் இருந்தது. ராணி மகாலில் இரண்டு கழுதைகள் நின்றிருந்தன. காவல்காரரைத் தேடினோம், அவர் ஊருக்குள் டீ குடிக்கப் போயிருந்தார். மரத்தடிக்குத் திரும்பி வந்தால் எலுமிச்சைச் சாதத்தை நாலைந்து குரங்குகள் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அவை ஜெபம் செய்தனவா என்று தெரியவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரைத் திட்டவேண்டும்போல இருந்தது. எதை வைத்துத் திட்டுவது? கோட்டைக்கு இறங்கியது அவர் தப்பு என்றால், கண்ணெதிரே பையைக் கொடுத்தது யார் தப்பு? இன்னொன்றும் இருந்தது. சோற்றுப் பையில் வைத்தால் நசுங்கும் என்று இரண்டு வாழைப்பழத்தைச் சான்றிதழ்ப் பையில் வைத்தவளும் நான்தான். குரங்குக்கு என் எஸ்.எஸ்.எல்.சி. மார்க் எதற்கு?

கங்கம்மாவின் கோட்டை

"ஏம்மா, எந்துக்கு அழுவுற?"

ஓர் அம்மாள் நின்றிருந்தாள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். தலையில் சும்மாடு, கையில் நீண்ட கோல், பின்னால் பத்துப் பன்னிரண்டு ஆடுகள். மடி நிறையச் சீத்தாப்பழம் கட்டியிருந்தாள். பெயர் கங்கம்மா என்று பிறகு சொன்னாள். கோட்டைச் சுவருக்கு உள்ளேயே இருந்த வயல்களையும் பாறைகளையும் சுற்றி ஆடு மேய்க்கிறவள். என் கணவர் தெலுங்கில் நடந்ததைச் சொன்னார். அவள் பாதி கேட்டுவிட்டு என்னிடம் தமிழும் தெலுங்குமாகப் பேசினாள்.

"கோதி எத்துக்கினு போச்சா? அதுக்கா இந்த ஏடுப்பு, இந்த அழுகாச்சி? அது எத்துக்கினு போறத நேரா துன்னாது. ஒரு ஜாகா இருக்குது, அங்க போயிதான் பிரிக்கும். போன மாசம் ஒரு வயசான பெத்தாயன கண்ணாடிய அங்கதான் எடுத்தேன். ரா, ரா."

அவள் முன்னால் நடந்தாள். ஆடுகள் அவள் பின்னால் போயின. நாங்கள் ஆடுகளின் பின்னால் போனோம்.

காலையில் நாங்கள் பார்த்தது இரண்டு மகாலும் ஒரு கிணறும்தான். அதுதான் கோட்டை என்று நினைத்திருந்தேன். கங்கம்மா காட்டியது வேறு கோட்டை. நிலக்கடலைக் கொல்லைக்கு நடுவே கூரை இல்லாத மண்டபம் ஒன்று நின்றது. தூண்களில் யாரோ மாடு கட்டி, தரையெல்லாம் சாணி காய்ந்து கிடந்தது. ஒரு வாய்க்காலைத் தாண்டினோம். அதற்குப் பாலமாகப் போட்டிருந்தது ஓர் எழுத்துக் கல். என் கணவர் அதன் மேல் கால் வைத்து நடந்து போனார். நின்று பார்க்கவில்லை. நோட்டை எடுக்கவில்லை. அதைப் பார்த்ததும்தான் என் அழுகை கொஞ்சம் நின்றது. எழுத்துக் கல்லை மிதித்துக்கொண்டு போகிற அளவுக்கு இந்த மனிதருக்கு என் வேலை முக்கியமாக இருக்கிறது.

குளம் ஒன்று வந்தது. கரையெல்லாம் புளிய மரங்கள். தலைக்கு மேலே பாறை மலை. அதன் உச்சியில் இரண்டு கல் தூணும் குறுக்கே ஒரு கல்லும். அந்தக் காலத்தில் தூக்குப் போட்ட இடம் என்று கங்கம்மா கோலால் காட்டினாள். எனக்கு இருந்த நிலைமையில் அது ரொம்ப ஆறுதலாக இருந்தது!

"அங்க ஏறணுமா?" என்றேன்.

"ஒத்தும்மா, வேணாம். இதோ, இக்கடே."

சீத்தாச் செடிகள் அடர்ந்த சரிவில் சின்னதாக ஒரு கோயில். சாமி இல்லை, கதவு இல்லை. அதன் முன்னால் வந்ததும் நான் பார்த்த முதல் விஷயம், ஒரு செடியின் மேல் துணி உலர்த்தியதுபோல விரிந்து கிடந்த என் ஞானஸ்நானச் சான்று. பாய்ந்து எடுத்தேன். இரண்டடி தள்ளி, கிழிந்த மஞ்சள் பையும் வாழைப்பழத் தோலும். பையைத் தூக்கினால் அதற்கு அடியில் பயிற்சிச் சான்றிதழ், மடிப்புக் கலையாமல்.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் மட்டும் இல்லை.

அவர்தான் முதலில் பார்த்தார். கோயில் கூரையின் மேல் அந்தக் குரங்கு உட்கார்ந்திருந்தது. புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒரு மூலையைக் கடித்து ருசி பார்த்துக்கொண்டிருந்தது.

"கல்ல கில்ல எத்தாத சாமி!" என்று கங்கம்மா என் கணவரின் கையைப் பிடித்துவிட்டாள். "அடிச்சா அது மலைக்கு ஏறிடும். அப்பறம் நீயும் ஏறவேண்டியதுதான்."

மடியிலிருந்து ஒரு சீத்தாப்பழத்தை எடுத்தாள். நன்றாகப் பழுத்தது, விண்டுபோய் வெள்ளையாகச் சதை தெரிந்தது. குரங்கிடம் காட்டினாள். பிறகு அதைக் குரங்கின் பக்கம் எறியாமல், எதிர்ப்பக்கம் சரிவில் உருட்டிவிட்டாள். குரங்கு பழத்தைப் பார்த்தது, புத்தகத்தைப் பார்த்தது. புத்தகத்தோடு எழுந்து நின்றது. எனக்கு மூச்சு நின்றுவிட்டது. கங்கம்மா இரண்டாவது பழத்தை உருட்டினாள். இப்போது எங்கிருந்தோ இன்னொரு குரங்கு அதை நோக்கி ஓடி வந்தது. போட்டிக்கு ஆள் வந்ததும் நம்முடையது புத்தகத்தை அப்படியே போட்டுவிட்டுக் குதித்தது.

புத்தகம் கூரைச் சரிவில் வழுக்கிக்கொண்டு வந்து என் கணவர் கையில் விழுந்தது.

அப்பாடா! அந்த மாதிரி ஒரு மூச்சை நான் அதற்கு முன்னும் விட்டதில்லை, பின்னும் விட்டதில்லை. மூத்த பிள்ளை பிறந்தபோதுகூட விட்டதில்லை. கீழ் மூலையில் அரை வட்டமாக ஒரு கடி. முதல் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தோம். பெயர் இருந்தது. நைனாவின் பெயர் இருந்தது. இடது கன்னத்து மச்சம் இருந்தது. பிறந்த தேதிக்கு ஒரு விரல் தள்ளிப் பல் நின்றிருந்தது.

நான் கங்கம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். இந்த அழுகை வேறு. அவள் என் தலையைத் தடவிவிட்டு, "இன்னா உத்தியோகம்?" என்றாள்.

"டீச்சர். தமிழ் மீடியம்."

"அரவ டீச்சரம்மாவா, தமிழ் சொல்லிக்குடுக்கவா? அப்போ எங்க புள்ளைங்களுக்கு பனிக்கு ராவு போ!" என்று கோலைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். தெலுங்கு படிக்கிற அவள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் உதவமாட்டேன் என்று தெரிந்தும் மிச்சமிருந்த பழங்களை என் முந்தானையில் கொட்டினாள்.

அலுவலகத்தில்

பதினோரு மணி பஸ் போய்விட்டது. பன்னிரண்டரை மணி பஸ் வரவேயில்லை. ரோட்டில் நின்று கை காட்டி, கடைசியில் ஒரு வெல்ல லாரியில் இடம் கிடைத்தது. முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் நான், மேலே வெல்ல மூட்டைகளின் மீது என் கணவர். திருப்பதியில் இறங்கியபோது அவர் சட்டை முதுகில் வெல்லம் ஒட்டி, ஈக்கள் பின்தொடர்ந்தன. என் புடவையில் கடலைக்கொல்லைச் செம்மண். மூன்று மணிக்குக் கால் மணி நேரம்தான் இருந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் நாமம் போட்ட பெரியவர். சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் வந்ததும் கண்ணாடியை இறக்கினார்.

"இது ஏமிட்டம்மா? எலி கடிச்சுதா?"

"இல்ல சார். குரங்கு."

தலை நிமிர்ந்து பார்த்தார். என் கணவர் முந்திக்கொண்டு சந்திரகிரியில் நடந்ததையெல்லாம் தெலுங்கில் சொன்னார். ஜெபத்தை மட்டும் சொல்லவில்லை. அந்தப் பெரியவர் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் வயிறு குலுங்கச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுப் புத்தகத்தைக் காட்டினார்.

"சூடு, இதப் பாரு, ஆஞ்சநேய சாமியே அட்டெஸ்ட் பண்ணிட்டாரு! இதுக்கு மேல நான் எவரு?"

பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, முத்திரையைத் தட்டினார். அந்தத் தட்டு என் நெஞ்சில் விழுந்ததுபோல இருந்தது. "கங்கிராஜுலேஷன்ஸ், டீச்சர்காரு" என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். என்னை டீச்சர் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான்.

பாகாலாவில் ஒப்புக்கொண்டது

சாயங்கால ரயிலில் திரும்பினோம். வேலை கிடைத்துவிட்டது. மாமியாரிடம் சொல்ல நல்ல சேதி இருந்தது. ஆனாலும் எனக்குள் ஒன்று குடைந்துகொண்டே வந்தது. அந்த மனிதர் காலையிலிருந்து என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. பையை ஏன் பார்த்துக்கொள்ளவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. செருப்பில்லாமல் ஓடியதில் காலில் முள் குத்தி, ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். இப்படிப்பட்டவரிடம் முதல் நான்கு மாதத்திலேயே ஒரு பொய்யை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது?

பாகாலாவில் எஞ்சின் மறுபடியும் தண்ணீர் குடிக்க நின்றது. பிளாட்பாரத்தில் இறங்கி, மந்தார இலையில் நான்கு மசால் வடை வாங்கி வந்தார். காலையிலிருந்து இரண்டு பேரும் சீத்தாப்பழம் தவிர ஒன்றும் சாப்பிடவில்லை. இலையைப் பிரித்து எங்களுக்கு நடுவில் பெஞ்சில் வைத்தார். விரல்களைக் கோத்தார்.

"ஏங்க, இருங்க" என்றேன். "ஜெபத்துக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"காலையில நீங்க ஜெபம் பண்ணிக்கினு இருந்தப்ப அந்தக் குரங்கு பைய எடுத்துது இல்ல? அத நான் பாத்தேன். கண்ணத் தொறந்து பாத்தேன். பாத்துட்டு, கத்தாம, கண்ண மூடிக்கினேன்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கோத்த விரல்களைப் பிரித்தார்.

"தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"நீ பாத்தத நான் பாத்தேன்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "அப்ப... நீங்க கண்ண மூடலியா?"

"சர்ருசர்ருன்னு சத்தம் வந்துது. தொறந்தேன். குரங்கு பையப் புடிச்சிக்கினு இருக்குது. நீ அதப் பாத்துக்கினு இருக்கிற. அப்பறம் நீ கண்ண மூடிக்கின. நான் உபதேசியார் புள்ள, எஸ்தரு. பிதாவேன்னு ஆரம்பிச்சிட்டு நடுவுல நிறுத்தி, ஏ குரங்கேன்னு சொல்ல வாய் வரல. சுருக்கா முடிச்சிடலாம்னு பாத்தேன். அதுக்குள்ள அது கெணத்துப் பக்கம் போயிடிச்சி."

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. கொத்தர்களிலிருந்து நேராக ஆகாரத்துக்குத் தாவினாரே! நோயாளிகளையும் திக்கற்றவர்களையும் விட்டுவிட்டு அவர் ஜெபித்து நான் கேட்டதே இல்லை. பையைக் காணோம் என்று நான் அலறியதும், எந்தப் பக்கம் என்று கேட்காமல் கிணற்றைப் பார்த்து ஓடினாரே! நாள் முழுக்க என்னைத் திட்டாததற்குக் காரணம் அவருடைய பொறுமை என்று நினைத்து உருகிக்கொண்டிருந்தேன். அவரும் என்னைப்போலவே திருட்டு முழி முழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

முதலில் கோபம் வந்தது. அடுத்த நொடி சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். எதிர் சீட்டில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த நகரி நெசவுக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார். குரங்கிடமிருந்து புத்தகம் திரும்பி வந்தபோது விட்ட மூச்சில் பாதிதான் அன்று வெளியே வந்திருந்தது போலிருக்கிறது. மீதிப் பாதியை அந்த ரயிலில் விட்டேன். ஓரக்கண்ணால் பார்க்கிற ஒரு மனிதரைத்தான் நான் கட்டியிருக்கிறேன். இனி பயமில்லை.

"இன்னொண்ணும் இருக்குது" என்றேன். "அந்தப் பையில வாழைப்பழம் வெச்சது நான்தான்."

"அத நான் பாக்கல" என்றார் மிகவும் கண்ணியமாக.

அன்று ஆரம்பித்த வழக்கம் இன்றைக்கும் எங்கள் வீட்டில் இருக்கிறது. வெளியிடத்தில் சாப்பிட உட்கார்ந்தால் ஒருவர் கண்ணை மூடி ஜெபிப்பார், ஒருவர் கண்ணைத் திறந்து பார்த்துக்கொள்வார். எங்கள் பிள்ளைகள் இது வேதத்திலேயே எழுதியிருக்கிறது என்று நம்பி வளர்ந்தார்கள்.

அன்று அந்த ரயிலில், "நான் ஜெபம் பண்றேன். நீ பாத்துக்கோ" என்றார்.

கண்ணை மூடினார். நான் மூடவில்லை. அந்த நாளுக்காக ஸ்தோத்திரம் சொன்னார். கங்கம்மாவுக்காகவும் அவள் ஆடுகளுக்காகவும் ஜெபித்தார். நாமம் போட்ட பெரியவருக்காக ஜெபித்தார். திக்கற்றவர்கள் வந்தார்கள். நோயாளிகளுக்கு வந்ததும் அவருடைய ஒரு கண் மெதுவாகத் திறந்து, நான் பார்க்கிறேனா என்று பார்த்தது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தக் கண் நிம்மதியாக மூடிக்கொண்டது. நோயாளிகளுக்காக அவர் பொறுமையாகவும் நீளமாகவும் ஜெபித்தார்.

இரண்டு பேரும் சேர்ந்து ஆமென் சொன்னோம். இலையில் நான்கு வடையும் அப்படியே இருந்தன.